வயதான கண்கள்: கேள்வி பதில்

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. கண் புரை நன்றாக முற்றட்டும், அப்புறம் ஆபரேஷன் என்கிறார். சரியா டாக்டர்?

பதில்: அது சோடாபுட்டிக் கண்ணாடி காலத்துப் பேச்சு. அன்று புரையால் மங்கிய கண் லென்ஸை அப்படியே எடுத்துவிட்டுக் கனத்த கண்ணாடி கொடுப்பார்கள், அதனால் காத்திருந்தார்கள். இன்று கண்ணுக்குள்ளேயே செயற்கை லென்ஸ் வைக்கிறோம். முற்றவிட்டால் புரை இறுகி அறுவை சிரமமாகும், சிலருக்குக் கண் அழுத்தமும் ஏறும். பேப்பர் படிக்கவும் இரவில் நடமாடவும் தடுமாறுகிறார் என்றால் ஆபரேஷனுக்கு அதுவே போதும்.

கேள்வி: புரையைக் கரைக்கச் சொட்டு மருந்து?

பதில்: கிடையாது.

கேள்வி: அம்மாவுக்குக் கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய். இரண்டு வருடமாகச் சொட்டு விட்டும் பார்வை கூடவில்லை. நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள். புரையால் போன பார்வை பெரும்பாலும் அறுவையில் திரும்பும். கிளாக்கோமாவில் நசிந்த கண் நரம்பு திரும்பாது. மிச்சமிருக்கும் பார்வையைக் காப்பதுதான் அந்தச் சொட்டின் வேலை. இரண்டு வருடத்தில் பார்வை குறையாமல் இருந்தால் அதுவே பெரிய லாபம். இந்த நோய் பெரும்பாலும் வலிக்காது, ஓரப் பார்வையை முதலில் தின்னும். நேரே பார்ப்பது கடைசிவரை தெளிவாக இருப்பதால் நோயாளிக்கே தெரியாது. இந்த நோய்க்குத் தரும் டிமோலால் சொட்டு ஆஸ்துமாக்காரருக்கு ஆகாது. மூச்சு இரைத்தால் உடனே டாக்டரிடம் சொல்லி மருந்தை மாற்றுங்கள். உங்களுக்கும் 40 தாண்டியிருந்தால் கண் அழுத்தமும் நரம்பும் பார்த்துவிடுங்கள். இது குடும்பத்தில் தொடரும்.

கேள்வி: இதெல்லாம் மருந்து கம்பெனி வியாபாரம். எங்கள் ஆச்சி நந்தியாவட்டைப் பூச்சாறு விட்டே 90 வரை ஊசியில் நூல் கோத்தார்.

பதில்: ஆச்சிக்குக் கிளாக்கோமா இருந்ததா என்று யாராவது அழுத்தம் அளந்தார்களா? நோயே இல்லாதவர் நன்றாக இருந்தது மருந்துக்குச் சாட்சி ஆகாது. பூச்சாற்றில் உள்ள கிருமி கருவிழியைப் புண்ணாக்கும், தழும்பு நிற்கும்.

கேள்வி: அப்படியானால் கடைச் சொட்டு மட்டும் நல்லதா?

பதில்: அதையும் சொல்லவில்லை. கண் சிவப்புக்கென்று கேட்டு வாங்குவதில் ஸ்டீராய்டு இருக்கலாம். மாதக்கணக்கில் விட்டால் அழுத்தமும் ஏறும், புரையும் வரும். டாக்டர் சீட்டு இல்லாமல் எதையும் கண்ணில் விடாதீர்கள்.

கேள்வி: தேன் விட்டால் புரை கரையுமா?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். எதுவும் கரைக்காது.

கேள்வி: சர்க்கரை இருக்கிறது, பார்வை நன்றாகத்தான் இருக்கிறது. பரிசோதனை தேவையா?

பதில்: தேவை. வருடம் ஒருமுறை கண் பாப்பாவை விரித்து விழித்திரையைப் பாருங்கள். பார்வை மங்கும்வரை காத்திருந்தால் தாமதம்.

கேள்வி: மகளுக்குக் கண்ணாடியை விட லேசிக் லேசர் சிகிச்சை செய்யலாமா?

பதில்: என் துறை இல்லை. கருவிழி மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி: ஒரு கண்ணில் மட்டும் ஜன்னல் கம்பி வளைந்து தெரிகிறது. வயது 72, பீடி பழக்கம் உண்டு.

பதில்: விழித்திரையின் நடுப்பகுதி கெட்டிருக்கலாம். கசிவு இருக்கும் ஈர வகை என்றால் கண்ணுக்குள் போடும் ஊசி இருக்கிறது, சீக்கிரம் போட்டால்தான் பலன். ஓரிரு நாளில் விழித்திரை மருத்துவரைப் பாருங்கள். பீடியை இன்றே விடுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு ராத்திரியிலிருந்து ஒரு கண் சிவந்து கடும் வலி, வாந்தி. விளக்கைச் சுற்றி வானவில் தெரிகிறதாம். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லையோ?

பதில்: வயிற்றுக் கோளாறு என்று விடாதீர்கள். கண் அழுத்தம் திடீரென ஏறியிருக்கலாம், சில மணி நேரத்தில் பார்வை போகும். இப்போதே கண் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.