சிவப்பு-பச்சை பிரித்தறிய முடியாதவர் அகழாய்வில் மண்நிறம் பதிவது எப்படி?

மண் அடுக்கின் நிறத்தைப் பதிய முடியவில்லை, அகழாய்வையே விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விடாதீர்கள்.

மண்ணை ஒப்பிட்டு நிறம் குறிக்கும் நிறக்கட்டங்கள் கொண்ட முன்செல் (Munsell) அட்டையில் 7.5 ஒய்.ஆர். 4/6 என்றால் முன்னால் இருக்கும் 7.5 ஒய்.ஆர். சாயல் (மஞ்சள்-சிவப்பு போன்ற நிறவகை), 4 வெளிர்மை, 6 செறிவு. உங்களுக்குத் தடுமாறுவது பெரும்பாலும் சாயலும் செறிவும்தான். வெளிர்மையை நீங்களே பாருங்கள். மற்ற இரண்டையும் குழியில் இன்னொருவர் படிக்கட்டும். படித்தவர் பெயரைப் பதிவுத்தாளில் குறியுங்கள். (குறைபாடில்லாத இருவர் படித்தாலே ஒரு கட்டம் முன்பின் ஆவதுண்டு!)

ஈரத்தில் மண் கருக்கும். ஈரமா, காய்ந்ததா என்று எழுதாவிட்டால் பதிவு வீண். நீலத் தார்ப்பாய் நிழலில் யார் பார்த்தாலும் நிறம் தவறும்.

அடுக்கின் எல்லையைக் கொத்துக்கரண்டியால் சுரண்டித் தேடுங்கள். மணலின் நறநறப்பும் களிமண்ணின் வழவழப்பும் கைக்கே தெரியும். கருப்பு-சிவப்புப் பானை ஓடுகளைப் பிரிப்பதில் வெளிர்மை வேறுபாடே பெரிதும் உதவும்.