பாடகர் குழுவும் பாட்டு வகுப்பும்

அன்புள்ள ஐயா,

என் மகள் தொடக்கநிலை நான்கில் படிக்கிறாள். பள்ளிப் பாடகர் குழுவில் டோ, ரே, மீ என்று கைச்சைகை காட்டிப் பாடப் பழக்குகிறார்கள். கோடாய் முறையாம். சனிக்கிழமைகளில் கர்நாடக இசை வகுப்புக்கும் போகிறாள். அந்த ஆசிரியை, "இரண்டும் ஒத்துவராது, கமகம் (சுரத்தை அசைத்துப் பாடுவது) வராமல் போய்விடும்" என்று பாடகர் குழுவை விடச் சொல்கிறார். யார் இந்தக் கோடாய்? விட்டுவிடலாமா?

ஒரு தாய், செங்காங்

அன்புள்ள சகோதரிக்கு,

விட வேண்டாம்.

ஸோல்தான் கோடாய் (1882–1967) ஹங்கேரி நாட்டு இசையமைப்பாளர். 1905-இல் நாட்டுப்பாடல்களைத் தேடி ஊர் ஊராகப் போகத் தொடங்கினார். மறு ஆண்டே இன்னொரு ஹங்கேரி இசையமைப்பாளரான பேலா பார்டோக்குடன் சேர்ந்து ஒரு தொகுப்பு வெளியிட்டார். புடாபெஸ்ட் ஒரே நகரமாக இணைந்த 50ஆம் ஆண்டு விழாவுக்காக 1923-இல் எழுதிய 'சால்முஸ் ஹங்காரிக்குஸ்' என்ற குழுப்பாடல் படைப்பு அவருக்குப் பெரும் புகழ் தந்தது. அதோடு பெரிய மேடைகளிலேயே இருந்திருக்கலாம். ஆனால் பள்ளிகளில் பிள்ளைகள் பாடிய மட்டமான பாட்டுகள் அவரை உறுத்தின. சிறுவர் குழுக்களுக்கு எழுத உட்கார்ந்தார், அதுவும் முதல்தரமாக.

கைச்சைகை அவர் கண்டுபிடித்தது அல்ல. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜான் கர்வன் பரப்பியது. இடுப்பருகே மூடிய முஷ்டி டோ. உள்ளங்கை தரையைப் பார்த்துக் கிடையாக நின்றால் மீ. முக்கியமான சங்கதி, இந்த டோ ஓரிடத்தில் நிற்பதில்லை. பாட்டின் சுருதியோடு நகரும். சுருதி ஒன்றரைக் கட்டையோ ஐந்தரைக் கட்டையோ, நம் ஷட்ஜமும் ('ச') அப்படித்தானே?

மகளை டோ, ரே, மீ, சோ, லா பாடச் சொல்லுங்கள். ச ரி க ப த, அசல் மோகன ராகம். அதே ஐந்து சுரங்களை லாவில் தொடங்கி, லாவையே ஷட்ஜமாக வைத்தால் சுத்த தன்யாசி ராகம். பழைய ஹங்கேரி நாட்டுப்பாடல்கள் பலவற்றின் சுர அடுக்கு இதுதான். கமகம் மட்டும் கிடையாது.

இன்னொன்று, குழுப்பாட்டுப் பயிற்சியில் பியானோவை நம்புவது கோடாய்க்குப் பிடிக்காது. ஒருவர் குரலை மற்றவர் கேட்டுத்தான் சுருதி சேர வேண்டும் என்பார். தம்புராவோடு பழகிய காதுக்கு இது புதிதா என்ன?

ஆசிரியை சொல்வதில் பாதி நியாயம் உண்டு. குழுவில் குரல் அசையாமல் நிற்க வேண்டும். ராகத்துக்கு அசைவுதான் உயிர். ஆனால் பள்ளியில் ஆங்கிலமும் வீட்டில் தமிழும் பேசும் பிள்ளைக்கு, எங்கே எது என்பது தெரியாமலா போகும்?

என் மனத்தாங்கல் வேறு. குழந்தையின் முதல் இசை தாய்மொழி நாட்டுப்பாடலாக இருக்க வேண்டும் என்பதுதான் கோடாய் முறையின் வேர். உங்கள் மகளுக்குப் பள்ளியில் பெரும்பாலும் ஆங்கிலப் பாட்டு. சனிக்கிழமை சரளி வரிசை, பிறகு தெலுங்குக் கீர்த்தனை. தாலாட்டும் கும்மியும் எந்த வகுப்பில் வருகின்றன? சிங்கப்பூர்த் தேசிய தினம் வந்தால் 'முன்னேறு வாலிபா' பாட்டைக் கேட்கிறோம், சரி. மற்ற மாதங்களில்?

பள்ளி ஆசிரியரிடம் ஒரு தமிழ் நாட்டுப்பாடலைக் கொண்டுபோய்க் கொடுத்துப் பாருங்கள். உச்சரிப்புக்கு உங்கள் மகளே இருக்கிறாள். பாட்டு கைவசம் இல்லையென்றால் வீட்டுப் பாட்டியைக் கேளுங்கள். அவர் பாடுவதைக் கைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். கோடாய் அந்தக் கால ஒலிப்பதிவுக்கான மெழுகு உருளைகளைச் சுமந்துகொண்டு கிராமம் கிராமமாகச் செய்த வேலையும் அதுதான்.

அன்புடன்