கேசட் அக்கா பதில்கள்: பூங்காவில் ஒரு பாட்டி

(குன்னூர் பெட்ஃபோர்டு பக்கம் பல வருஷம் வீடியோ கேசட் கடை வைத்திருந்தவர் நம் கேசட் அக்கா. இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ‘டெர்மினேட்டர்’ பற்றியே இருந்ததால் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம். – ஆசிரியர் குழு)

டெர்மினேட்டரில் மொத்தம் எத்தனை படம் அக்கா? எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?
– கல்லூரி மாணவி, கூடலூர்

ஆறு படம். வருங்காலத்தில் மனிதர்களுக்குத் தலைமை தாங்கப்போகும் ஜானையும் அவன் அம்மா சாராவையும் தீர்த்துக்கட்ட, எந்திரங்கள் காலம் தாண்டி ஒரு கொலைகார ரோபோவை அனுப்பும் கதை. 1984, 1991, 2003, 2009, 2015, 2019. நடுவில் 2008-ல் ஒரு டிவி தொடர் வந்து இரண்டு சீசனோடு நின்றது. 2024-ல் ஓர் அனிமே, அதாவது ஜப்பானியப் பாணி கார்ட்டூன் தொடர். முதல் இரண்டு படங்களையும் அடுத்தடுத்த ராத்திரி பார்த்துவிடுங்கள். அதோடு எழுந்து போனால் ஒன்றும் குறைந்துவிடாது. கூடலூரில் ஜூலை மழை பிடித்து, காலேஜும் லீவு விட்டு, அதிசயமாகக் கரண்டும் இருந்தால் மூன்றாவதைப் போட்டுப் பாருங்கள். அதன் கடைசிப் பத்து நிமிஷத்தில் ஒரு துணிச்சல் இருக்கிறது. மற்ற மூன்றும் உங்கள் இஷ்டம், உங்கள் டேட்டா.

ஒவ்வொரு தடவையும் ‘மூன்று பாகங்கள் வரப்போகின்றன, இது முதல் பாகம்’ என்று தடபுடலாக அறிவிக்கிறார்கள். அந்த ஒன்றோடு சத்தமே இல்லை. ஏன் இப்படி?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கோத்தகிரி

வங்கிக்காரர் கண்ணுக்கு இது தப்புமா! மூன்று முறை நடந்திருக்கிறது சார். 2009, 2015, 2019. மூன்றுமே புது மூன்று பாகக் கதையின் ஆரம்பம் என்றுதான் வந்தன. மூன்றுக்கும் இரண்டாம் பாகம் கிடையாது.

இதில் 2015 கூத்துதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. படம் வருவதற்கு முந்தைய வருஷமே அடுத்தது 2017 மே மாதம், அதற்கடுத்தது 2018 ஜூன் மாதம் என்று நாள் குறித்துவிட்டார்கள். படமும் வந்தது. உலகம் முழுக்க 44 கோடி டாலர் வசூல். அதில் 11 கோடிக்கு மேல் சீனாவில் மட்டும். சொந்த ஊரான அமெரிக்காவில் 9 கோடியைத் தாண்டவில்லை. குறித்த நாள் இரண்டையும் காலண்டரிலிருந்து சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள்.

2019-ல், முதல் இரண்டு படங்களை இயக்கிய ஜேம்ஸ் கேமரூனே தயாரிப்பாளராகத் திரும்பி வந்தார். சாராவாக நடித்த லிண்டா ஹாமில்டனும் வந்தார். போட்டது 18 கோடி டாலருக்கு மேல், வந்தது 26 கோடி. லாபம்தானே என்று நீங்கள் வட்டி போட ஆரம்பிக்க வேண்டாம். வசூலில் கிட்டத்தட்டப் பாதி தியேட்டர்காரர்களுக்குப் போய்விடும், விளம்பரச் செலவு தனி.

பணம் வராததால் நின்றது என்பது பாதிக் காரணம்தான். பணம் ஏன் வரவில்லை? 2015 படத்தில் சிறுமி சாராவைக் காப்பாற்ற 1973-ஆம் வருஷத்துக்கு ஒரு ரோபோ வருகிறது. அதை அனுப்பியது யார்? படம் முழுக்க நம் மண்டையைக் குடையும் கேள்வி இது. பதிலை அடுத்த பாகத்துக்கென்று பத்திரப்படுத்தி வைத்தார்கள். அந்த ரோபோவுக்கு இன்றுவரை அனுப்புநர் முகவரி கிடையாது! டிக்கெட் எடுத்தவனுக்கு இன்றைக்கே கதை வேண்டும் சார். மிச்சத்தை 2017-ல் தருகிறோம் என்றால் அவன் என்ன, ஃபிக்சட் டெபாசிட்டா போட்டிருக்கிறான்?

இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு படமும் வந்ததும் முதல் வேலையாகப் பழையதை அழிக்கிறது. 2003-ல் சாரா ரத்தப் புற்றுநோயில் இறந்துவிட்டாள் என்றார்கள். 2015-ல் உலகத்தைக் காப்பாற்ற வேண்டிய ஜானையே வில்லனாக்கினார்கள். 2019-ல் சாரா உயிரோடு துப்பாக்கி தூக்கி வருகிறாள், ஜானை முதல் சில நிமிஷத்திலேயே சுட்டுத் தள்ளிவிட்டார்கள். யாருக்காக நான் பயப்படுவது? செத்தவர் அடுத்த கம்பெனி வந்தால் எழுந்துவிடுவார் என்று தெரிந்த பிறகு கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கத் தோன்றுமா?

இரண்டாம் படத்துக்கு வேறு ஒரு முடிவும் எடுத்தார்களாமே, உண்மையா?
– பள்ளி ஆசிரியை, ஊட்டி

உண்மை டீச்சர். நான் பிற்பாடு டிவிடியில் பார்த்தேன். 2029-ஆம் வருஷம், வாஷிங்டனில் ஒரு பூங்கா. நரைத்த தலையோடு பாட்டி சாரா பெஞ்சில் உட்கார்ந்து சின்ன டேப் ரிக்கார்டரில் பேசிக்கொண்டிருக்கிறாள். ஜான் செனட்டராகி, மகளோடு விளையாடிக்கொண்டிருக்கிறான். அந்தப் பேத்தி ஓடிவந்து ஷூ லேஸைக் கட்டிவிடச் சொல்கிறாள். பாட்டி குனிந்து கட்டிவிடுகிறாள். அவ்வளவுதான்.

அந்த லேஸ் கட்டும் கையைப் பாருங்கள். படம் முழுக்கத் துப்பாக்கிக்குக் குண்டு போட்ட கை. நடுப்படத்தில் அவள் காணும் கனவில் குழந்தைகள் விளையாடும் மைதானம் அணுகுண்டில் சாம்பலாகும் இல்லையா, அதற்கான பதில் இந்தப் பூங்கா. எந்திரங்கள் அணுகுண்டால் மனிதர்களை அழிக்க, 1997 ஆகஸ்ட் 29 என்று கதையில் நாள் குறித்திருந்த பேரழிவு வரவேயில்லை.

இதை எடுத்தும் முடித்துவிட்டு, கடைசி நேரத்தில் தூக்கிவிட்டு, இரவில் ஓடும் சாலையை வைத்து சாராவின் குரலை மேலே ஓடவிட்டார்கள். சினிமா தெரிந்தவர்கள் சாலைதான் உசத்தி என்பார்கள். பாட்டி மேக்கப் சுமார்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் என் ஓட்டு பாட்டிக்குத்தான். பாட்டி அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் 2003-லிருந்து வந்த எல்லோரும் அவளைத் தாண்டித்தான் உள்ளே வந்திருக்க வேண்டும். சாலை திறந்து கிடந்தது, ஆளாளுக்கு வண்டியை விட்டார்கள். மேலே கோத்தகிரி சார் கேட்ட கேள்விக்கு மீதிப் பதில் இதுதான்.

அக்கா, உங்கள் கடையில் டெர்மினேட்டர் இரண்டாம் பாகம் கேசட்டை வாடகைக்கு எடுத்தவன் நான். இன்றைய கிராஃபிக்ஸை விட அதுவே நிஜமாகத் தெரிகிறதே, என் வயசுதான் காரணமா?
– முன்னாள் தொழிற்சாலை ஊழியர், அருவங்காடு

வயசைக் குறை சொல்லாதீர்கள். உங்கள் கண் சரியாகத்தான் இருக்கிறது.

உங்களுக்குத் தெரியாத ஒரு சங்கதி சொல்கிறேன். கேசட் திரும்பி வந்ததும் டெக்கில் போட்டு ஓட்டிப் பார்ப்பேன். நம் ஊர் பனிக்கு டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்துவிடும். அதற்காக அலமாரிக்குள் ராப்பகலாக ஒரு குண்டு பல்பு எரியும். ஓட்டிப் பார்க்கும்போது டேப் எங்கே தேய்ந்திருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். ஒரே இடத்தில் பாஸ் போட்டு நிறுத்தி வைத்தால் டெக்கின் ஹெட் அங்கேயே சுற்றிச் சுற்றித் தேய்க்கும், வெள்ளைக் கோடுகள் விழும். வெலிங்டன் ராணுவக் குடியிருப்புக்குப் போனாலும் எஸ்டேட் பங்களாவுக்குப் போனாலும் ஒரே இடத்தில்தான் கோடு விழுந்து வரும்: ஆஸ்பத்திரிக் கம்பிக் கதவு.

ஞாபகம் இருக்கிறதா? அந்தப் படத்தின் வில்லன், திரவ உலோகத்தாலான ரோபோ, கம்பிகளுக்கு நடுவே முகத்தை நுழைத்து அப்படியே வழிந்து இந்தப் பக்கம் வந்துவிடுகிறான். கையிலிருக்கும் துப்பாக்கி மட்டும் கம்பியில் ‘டிங்’ என்று தட்டி நின்றுவிடும். அவன் உடம்பு உருகும், துப்பாக்கி உருகாது. மணிக்கட்டைத் திருப்பித் துப்பாக்கியைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போவான். அந்த ‘டிங்’தான் ஜனங்களை நம்பவைத்தது. எத்தனை கோடி கொட்டினாலும் இப்படி ஒரு யோசனை வர ஆள் வேண்டும்.

முழுப் படத்திலும் கம்ப்யூட்டரில் செய்த திரவ உலோகக் காட்சி ஐந்து நிமிஷ அளவுதான் வரும். மற்றது ஸ்டான் வின்ஸ்டன் பட்டறையில் செய்த பொம்மைகள், ஒப்பனை, புத்தி. ஆஸ்பத்திரியில் காபி மெஷின் பக்கம் நிற்கும் காவலாளி, அவரைப் போலவே உருமாறி எதிரே நிற்பவன் இருவரும் நிஜ இரட்டையர்கள். கடைசியில் இரும்பு ஆலையில் இரண்டு சாரா நிற்கும் இடத்தில் லிண்டா ஹாமில்டனின் இரட்டைச் சகோதரி நிற்கிறார். திரவ உலோகக்காரனாக நடித்த ராபர்ட் பேட்ரிக் வாயைத் திறக்காமல் மூக்கால் மட்டும் மூச்சு விட்டபடி ஓடப் பயிற்சி எடுத்தார். எந்திரத்துக்கு மூச்சு வாங்கக் கூடாதல்லவா. நாலு ஆஸ்கர் வாங்கிய படம்.

2003-ல் மூன்றாவது படம் வரும்போது ஊரெல்லாம் விசிடி ஆகிவிட்டது. அதில் யார் எங்கே நிறுத்திப் பார்த்தார்கள் என்று கண்டுபிடிக்க வழியில்லை.

(அந்தக் கேசட்டெல்லாம் எந்த வழியாக மலையேறி வந்தன என்று அடுத்த கடிதத்தில் கேட்டுவிடாதீர்கள்.)

இந்தக் கதைக்கு இப்போது யார்தான் சொந்தக்காரர்?
– வழக்கறிஞர், குன்னூர்

நம் பக்கத்தில் ஒரு டீ எஸ்டேட் கைமாறும் கதையே தோற்றுவிடும். கேமரூன் கையில் காசில்லாத காலம். படத்தை நான்தான் இயக்குவேன் என்ற ஒரே நிபந்தனையில் கதை உரிமையைத் தயாரிப்பாளர் கேல் ஆன் ஹர்டுக்கு ஒரு டாலருக்கு விற்றார். ஆமாம், ஒரே ஒரு டாலர். சுமார் 64 லட்சம் டாலரில் எடுத்த படம் 7 கோடிக்கு மேல் சம்பாதித்தது.

அப்புறம் காரல்கோ கம்பெனி உரிமையை வாங்கி இரண்டாவதை எடுத்தது. 10 கோடி டாலர் செலவு, அந்தத் தேதிக்கு அதுவரை யாரும் செய்யாத செலவு. வசூல் 50 கோடியைத் தாண்டியது. அப்படியும் காரல்கோ 1995-ல் திவால். அதைத் தொடங்கிய மரியோ கஸாரும் ஆண்ட்ரூ வாய்னாவும் உரிமையை மறுபடி வாங்கி மூன்றாவதை எடுத்தார்கள். 2007-ல் ஹால்சியன் என்றொரு கம்பெனி வாங்கியது. நான்காவது படம் வந்த வருஷமே அதுவும் திவால். 2010-ல் ஏலம். பசிஃபிகார் என்ற முதலீட்டு நிறுவனம் 2 கோடியே 95 லட்சம் டாலருக்கு எடுத்தது. அடுத்த வருஷம் மேகன் எலிசனின் அன்னபூர்ணா என்ற அமெரிக்கக் கம்பெனி வாங்கியது. ஐந்தாவதும் ஆறாவதும் ஸ்கைடான்ஸ் கம்பெனி கணக்கில்.

புது முதலாளி வந்ததும் பழைய மேனேஜர் நட்ட செடியையெல்லாம் பிடுங்கிவிட்டுப் புதுசாக நடுகிறார் பாருங்கள், அதனால்தான் சாரா செத்துச் செத்துப் பிழைக்கிறாள். அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் 35 வருஷம் கழித்து எழுதியவர் உரிமையைத் திரும்பக் கேட்க வழி இருக்கிறது. முதல் படத்தின் கதையில் எழுத்தாளராகவும் பெயர் உள்ள ஹர்ட் அதற்கான நோட்டீசும் கொடுத்தார். மேற்கொண்டு சட்டம் நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும்.

ஜான் அனுப்புகிற வீரன்தான் கடைசியில் ஜானுக்கு அப்பா. ஜான் பிறக்காமல் எப்படி அனுப்பினான்? தலை சுற்றுகிறது.
– பத்தாம் வகுப்பு மாணவன், கொடைக்கானல்

சுற்றட்டும் தம்பி, முதல் படத்தின் அழகே அதுதான். ஆரம்பம் இல்லாத வட்டம் அது. நடந்தது நடந்தபடியே நடக்கும். இரண்டாவது படம் வட்டத்தை உடைத்து, விதியை மாற்றலாம் என்றது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரண், ஆனாலும் இரண்டும் நல்ல படம். பரீட்சையில் இதை எழுதாதே.

போன காலத்துக்குப் போக முடியாவிட்டாலும் பார்க்க முடியும். உன் ஊரிலேயே 1899-ல் நிறுவிய சூரிய ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே காண்பது எட்டு நிமிஷத்துக்குச் சற்று முன்பு புறப்பட்ட வெளிச்சம். நூறு வருஷத்துக்கு மேல் எடுத்த சூரியப் படங்களும் அங்கே இருக்கின்றன. ஒரு சனிக்கிழமை போய்விட்டு வா.

என் ஒன்பது வயசு மகன் டெர்மினேட்டர் பார்த்தே தீருவேன் என்கிறான். காட்டலாமா?
– இல்லத்தரசி, வெலிங்டன்

வேண்டாம் அம்மா. அமெரிக்காவிலேயே முதல் இரண்டு படத்துக்கும் ‘ஆர்’ சான்றிதழ், அதாவது பெரியவர் துணையில்லாமல் சிறுவர்கள் பார்க்கக் கூடாது. சண்டையை அவன் தாங்குவான். மைதானம் எரியும் அந்தக் கனவு, ராத்திரி விளக்கை அணைத்த பிறகுதான் வேலையைக் காட்டும். கடையில் நான் பிள்ளைகள் கையில் அந்தக் கேசட்டைக் கொடுத்ததே இல்லை. அப்பா பெயரைச் சொல்லிக் கேட்டாலும் கொடுக்கமாட்டேன்.

ஆர்னால்டு மறுபடி வருவாரா?
– ஆட்டோ ஓட்டுநர், மேட்டுப்பாளையம் சாலை, குன்னூர்

இந்தத் தொடருக்கு வரமாட்டேன் என்று 2023-ல் அவரே சொல்லிவிட்டார். 1947-ல் பிறந்தவர். விட்டுவிடுங்கள், பாவம்.

அப்படியானால் ஏழாவது படம்?
– அதே ஆட்டோ ஓட்டுநர்

கேமரூன் புதுக் கதை எழுதும் முயற்சியில் இருக்கிறார். எழுத உட்கார்ந்தால், எழுதுவதற்குள் நிஜ உலகம் அதைத் தாண்டிப் போய்விடுமோ என்பதே அவருடைய தடை என்று 2025-ல் பேட்டியில் சொன்னார். 1984-ல் யோசிக்கிற கம்ப்யூட்டர் என்றால் ஜனங்கள் பயந்தார்கள். இப்போது அது உங்கள் போனில் வழி சொல்கிறது, லெட்டர் எழுதித் தருகிறது. இதற்கு மேல் எதைக் காட்டிப் பயமுறுத்துவது?

இதே மனிதர் ‘அவதார்’ விஷயத்தில் நேர் எதிர். 2009-க்குப் பிறகு இரண்டாவதற்கு 2022 வரை காக்க வைத்தார், மூன்றாவது 2025 டிசம்பரில் வந்தது, நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் 2029, 2031 என்று தேதி போட்டிருக்கிறார்கள். இத்தனை தள்ளிப்போட்டும் கூட்டம் வந்ததற்குக் காரணம், ஒவ்வொன்றும் தன் கதையைத் தானே முடித்துக்கொள்கிறது. 2031-ல் நீங்கள் ஆட்டோவில் என்னைத் தியேட்டருக்குக் கூட்டிப்போவதாக இருந்தால் எனக்கும் ஆட்சேபணை இல்லை.

அனிமே நன்றாக இருக்கிறதா?
– மென்பொருள் ஊழியர், கேத்தி

இருக்கிறது. 1997-ல் ஜப்பானில் நடக்கும் கதை. சாரா இல்லை, ஜான் இல்லை, அதுவே பாதி நிம்மதி. பேரழிவு நாளான ஆகஸ்ட் 29-ஆம் தேதி பார்த்து 2024-ல் வெளியிட்டார்கள். எட்டு எபிசோடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்தால் ராத்திரிச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடலாம். இரண்டாவது சீசனுக்குக் காத்திருக்க வேண்டாம், அதையும் நிறுத்திவிட்டார்கள்.