பென்டிரைவில் ஹை-ரெஸ் பாட்டு: வாசகர் கேள்வி - பதில்

சிடியைவிட நுணுக்கமான 24 பிட் (ஹை-ரெஸ்) பாட்டுகளைக் காசு கொடுத்து டவுன்லோடு செய்துவிட்டு, ஆம்ப்ளிஃபயரின் முன்பக்க யுஎஸ்பி துளையில் செருகியதும் திகைத்துப்போனவர்களின் கடிதங்கள் இந்த முறை நிறைய. சேலம் நகரம், ஆத்தூர், ஏற்காடு வாசகர்களின் கேள்விகளில் ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: புதிதாக 128 ஜிபி பென்டிரைவ் வாங்கி ஃப்ளாக் (ஒலி குறையாமல் சுருக்கிய ஃபைல்) பாட்டுகளை ஏற்றினேன். லேப்டாப்பில் பாடுகிறது. ஆம்ப்ளிஃபயரில் செருகினால் 'ரீடிங்' என்று கொஞ்ச நேரம் காட்டிவிட்டு 'நோ டிவைஸ்' என்கிறது. பழைய 8 ஜிபி டிரைவ் மட்டும் ஒழுங்காக வேலை செய்கிறது. ஆம்ப் பழுதா?
(வாசகர், ஃபேர்லேண்ட்ஸ்)

பதில்: ஆம்ப் நன்றாகத்தான் இருக்கிறது, 8 ஜிபி டிரைவே அதற்குச் சாட்சி. 64 ஜிபிக்கு மேற்பட்ட டிரைவ்களில் பல, எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்யப்பட்டுத்தான் கடைக்கு வருகின்றன. ஹை-ஃபை கருவிகளில் கணிசமானவை ஃபேட்32 முறையை மட்டுமே படிக்கும். சில என்டிஎஃப்எஸ் முறையையும் படிக்கும், ஆனால் அதை நம்பி இறங்க வேண்டாம்.

டிரைவில் வலது கிளிக் செய்து ஃபார்மட் கொடுத்துப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலான விண்டோஸ் கணினிகளில் அந்த ஜன்னல் 32 ஜிபிக்கு மேற்பட்ட டிரைவுக்கு ஃபேட்32 என்ற தேர்வையே காட்டாது. ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். டிரைவில் உள்ளது எல்லாம் அழிந்துவிடும் என்பதால் பாட்டுகளை முதலில் கணினியில் நகலெடுத்து வையுங்கள். ரூஃபஸைத் திறந்து, மேலே உங்கள் டிரைவின் பெயர்தான் இருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள். வேறொரு ஹார்ட் டிஸ்க் அங்கே இருந்தால் அதுவும் போய்விடும். பூட் செலக்‌ஷனில் 'நான் பூட்டபிள்', பார்ட்டிஷன் ஸ்கீமில் 'எம்பிஆர்', ஃபைல் சிஸ்டத்தில் 'லார்ஜ் ஃபேட்32', கிளஸ்டர் அளவு 32 கிலோபைட். பிறகு ஸ்டார்ட். ஒரு நிமிடம்கூட ஆகாது.

எம்பிஆர் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஃபேட்32 ஆக மாற்றிய பிறகும் 'நோ டிவைஸ்' வந்தால், பெரும்பாலும் டிரைவின் பிரிவுப் பட்டியல் எம்பிஆருக்குப் பதில் ஜிபிடி என்ற வேறு முறையில் இருக்கும். மேக் கணினியில் ஃபார்மட் செய்தவர்களுக்கு இது அடிக்கடி நேரும். அங்கே டிஸ்க் யுடிலிட்டியில் 'ஷோ ஆல் டிவைசஸ்' என்பதைப் போட்டு, டிரைவின் முதல் வரியைத் தேர்ந்தெடுத்தால்தான் 'மாஸ்டர் பூட் ரெக்கார்ட்' (அதுதான் எம்பிஆர்) என்ற தேர்வு கண்ணில் படும்.

இத்தனைக்கும் பிறகு மறுத்தால், அந்த ஆம்ப் 32 ஜிபிக்கு மேல் ஏற்காத மாடலாக இருக்கலாம். மேனுவலில் அந்த வரியைத் தேடுங்கள். 32 ஜிபி டிரைவ் இரண்டு வாங்குவது ஆம்பை மாற்றுவதைவிட மலிவு.

கேள்வி: தனியாக ஒரு டேக் (DAC, டிஜிட்டல் பாட்டை ஒலி சிக்னலாக மாற்றும் கருவி) வாங்கினேன். பின்னால் யுஎஸ்பி இருக்கிறது, ஆனால் பென்டிரைவ் அதில் நுழையவே இல்லை. கன்வர்ட்டர் பின் போட்டு நுழைத்தேன். ஒன்றும் ஆகவில்லை.
(வாசகர், அம்மாப்பேட்டை)

பதில்: பின்னால் இருக்கும் அந்தச் சதுரமான துளை டைப்-பி. கணினியிலிருந்து வரும் ஒயரை வாங்கிக்கொள்ள மட்டுமே அது. பென்டிரைவுக்குள் இருக்கும் ஃபைலைத் திறந்து, ஃப்ளாக்கைப் பிரித்து, இசையாக அனுப்ப ஒரு சின்னக் கணினி தேவை. உங்கள் டேக்கில் அது இல்லை. கன்வர்ட்டர் பின் வடிவத்தை மாற்றுமே தவிர வேலையை மாற்றாது, அதைக் கழற்றிவிடுங்கள்.

நடுவில் ஒன்றை வைத்தால் போதும். வீட்டில் சும்மா கிடக்கும் ஆண்ட்ராய்டு போன் இருந்தால், பாட்டுகளை அதில் ஏற்றி, ஓடிஜி ஒயர் வழியாக டேக்கோடு இணைக்கலாம். ஆனால் ஆண்ட்ராய்டு சாதாரணமாக எல்லாவற்றையும் 48 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றியே அனுப்பும் வழக்கம் கொண்டது. அதைத் தாண்டிப் போக 'யுஎஸ்பி ஆடியோ பிளேயர் புரோ' போன்ற செயலி வேண்டும். வீட்டில் நிரந்தரமாக வைக்க ராஸ்ப்பெர்ரி பை பலகையில் வால்யூமியோ அல்லது மூட் ஆடியோ ஏற்றி, அதன் ஒரு துளையில் பென்டிரைவ், இன்னொன்றில் டேக் என்று செருகுவது எங்கள் தேர்வு. கட்டுப்பாடு முழுக்க போன் திரையில்.

இன்னொரு எச்சரிக்கை. ஹோம் தியேட்டர் ரிசீவர்களின் பின்பக்கத்தில் 'சர்வீஸ்' என்றோ '5வி' என்றோ எழுதிய யுஎஸ்பி துளை இருக்கும். அதில் பென்டிரைவ் பாடாது.

கேள்வி: 24/96 (24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ்) பாடுகிறது. 24/192 போட்டால் நொடி ஓடுகிறது, சத்தமே இல்லை. பெட்டியின் மேல் 192 என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்களே! டிஎஸ்டி (சூப்பர் ஆடியோ சிடி வகைப் பதிவு) ஃபைலோ பட்டியலிலேயே வரவில்லை.
(வாசகர், ஆத்தூர்)

பதில்: பெட்டியில் போட்டிருப்பது பெரும்பாலும் உள்ளே இருக்கும் டேக் சிப்பின் திறன், அல்லது பின்பக்க டிஜிட்டல் இன்புட்டின் திறன். முன்பக்கத் துளையை வேறொரு சிப் கவனிக்கிறது. அதன் எல்லை 48 ஆக இருக்கலாம், 96 ஆகவும் இருக்கலாம். மேனுவலின் கடைசிப் பக்கங்களில் 'யுஎஸ்பி மெமரி' என்ற தலைப்பில் ஃபைல் வகை வாரியாக ஒரு அட்டவணை இருக்கும், அதுதான் கணக்கு. நார்வேயின் டூ-எல் நிறுவனம் ஒரே பதிவைப் பல அளவுகளில் இலவச மாதிரிகளாகத் தருகிறது. அவற்றை ஒரு டிரைவில் போட்டு வரிசையாக ஓட்டினால் உங்கள் கருவி எங்கே நின்றுபோகிறது என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பாடாத 192 ஃபைல்களை 96 ஆக மாற்றிக்கொள்ளுங்கள். கணினியில் ஃபூபார்2000 போட்டு, பாட்டுகளைத் தேர்ந்து, கன்வர்ட், ஃப்ளாக், 24 பிட், புராசஸிங்கில் சாக்ஸ் ரீசாம்ப்ளர் 96000. 192 இருந்தால் 96, 176.4 இருந்தால் 88.2 என்று சரிபாதியாகவே இறக்குங்கள். டிஎஸ்டி-யை 24/88.2 ஆக மாற்றலாம். மாற்றியதும் சத்தம் சுமார் 6 டெசிபெல் குறைந்து வரும், அது பழுதல்ல. மூலத்தை அழிக்காமல் வேறு டிஸ்க்கில் வையுங்கள்.

இதில் இழப்பு என்ன என்று கேட்பீர்கள். 96 கிலோஹெர்ட்ஸ் பதிவில் 48 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலி அடங்கும். மனிதக் காது நல்ல வயதிலேயே 20-ஐத் தாண்டாது. இடம் மட்டும் பாதியாகக் குறையும். ஐந்து நிமிடப் பாட்டு 24/192 வேவ் (சுருக்காத ஃபைல்) என்றால் சுமார் 346 எம்பி, 24/96 என்றால் 173 எம்பி, சிடி தரம் 53 எம்பி. ஃப்ளாக் ஆக்கினால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய பாதி முதல் அறுபது சதவீத அளவுக்குச் சுருங்கிவிடும், ஒலியில் ஒரு பிட்கூடக் குறையாது.

கேள்வி: இரண்டரை மணி நேரக் கச்சேரிப் பதிவு, 24/96 வேவ். ஃபேட்32 டிரைவில் ஏறவே மறுக்கிறது, இத்தனைக்கும் இடம் காலியாக இருக்கிறது. தனித்தனிப் பாட்டுகளாக ஏற்றியவையும் வரிசை மாறி வருகின்றன. தமிழில் வைத்த பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன.
(வாசகர், சூரமங்கலம்)

பதில்: ஃபேட்32 முறையில் ஒரு தனி ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக்கூடாது. உங்கள் பதிவு 5.2 ஜிபி வரும். 24/96 வேவ் என்றால் சுமார் 2 மணி 4 நிமிடம், 24/192 என்றால் 62 நிமிடம், அதுதான் எல்லை. ஃப்ளாக் ஆக்கினால் உங்கள் பதிவு 3 ஜிபி அளவில் அடங்கிவிடும். ஆனாலும் பிரித்துவிடுவதே நல்லது, ஏனென்றால் இவ்வளவு நீள ஃபைலில் தனி ஆவர்த்தனத்துக்குத் தாண்டிப் போக விரலை அழுத்திக்கொண்டே நிற்க வேண்டியிருக்கும். ஆடாசிட்டியில் கைதட்டல் அடங்கும் இடங்களில் லேபிள் போட்டு மொத்தமாக எக்ஸ்போர்ட் செய்யலாம். ராகம் தானம் பல்லவியை மட்டும் வெட்டாதீர்கள். இடைவெளி இல்லாமல் அடுத்த ஃபைலுக்குப் போகும் திறன் எல்லாக் கருவிக்கும் கிடையாது, தானத்திலிருந்து பல்லவிக்குப் போகும் இடத்தில் அரை நொடி மௌனம் விழும்.

வரிசை மாறுவது இரண்டு வகை. 1, 2, 10 என்று எண்ணிட்டால் 1-க்குப் பிறகு 10 வரும், 01, 02 என்று இடுங்கள். அப்படி இட்டும் மாறினால், உங்கள் கருவி பெயரையே பார்ப்பதில்லை, டிரைவில் எது முதலில் எழுதப்பட்டதோ அதையே முதலில் எடுக்கிறது. டிரைவ்சார்ட் என்ற சிறு மென்பொருள் அந்தப் பட்டியலையே பெயர் வரிசைக்கு மாற்றி எழுதும். இல்லாவிட்டால் டிரைவைக் காலி செய்து ஃபோல்டர்களை ஒவ்வொன்றாக, வேண்டிய வரிசையில் ஏற்றுங்கள்.

கட்டங்களுக்குக் காரணம் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லாதது. ஃபைல் பெயர், உள்ளே பதிந்திருக்கும் பாட்டு விவரம் (tag) இரண்டையும் ஆங்கில எழுத்தில் வைப்பதைத் தவிர வழியில்லை. ஆல்பம் படம் வராவிட்டால் 500 பிக்சல் சதுரமான சாதாரண ஜேபெக்காகச் சிறிதாக்குங்கள்.

மேக்கிலிருந்து ஏற்றியவர்களுக்கு ஒவ்வொரு பாட்டும் இரண்டு தடவை தெரியும். ஒன்று பாடாது. புள்ளியும் அடிக்கோடுமாகத் தொடங்கும் அந்த 4 கிலோபைட் ஃபைல்கள் மேக் தானாக எழுதுபவை. விண்டோஸ் கணினியில் மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லி அழித்துவிடலாம்.

கேள்வி: யுஎஸ்பி 3 டிரைவில் ஒலி இன்னும் தெளிவாக இருக்குமா?
(வாசகர், ஐந்து ரோடு)

பதில்: வித்தியாசம் இருக்காது. 24/192 பாட்டுக்குச் சுருக்காமலே நொடிக்கு 9.2 மெகாபிட் போதும். பழைய யுஎஸ்பி 2-இன் வேகம் 480. விலை உயர்ந்த 'ஆடியோ' பென்டிரைவுக்கும் இதே பதில்தான்.

காசைக் காப்பாற்ற வேண்டிய இடம் வேறு. சில நூறு ரூபாய்க்கு 1 டிபி, 2 டிபி என்று விற்கும் டிரைவ்கள் போலி. உள்ளே 16 அல்லது 32 ஜிபிதான் இருக்கும். முதலில் ஏற்றிய ஆல்பங்கள் பாடும், பிறகு ஏற்றியவை கரகரவென்று வெட்டி வெட்டிப் போகும், பழி ஆம்ப் மேல் விழும். வாங்கியதும் எச்2டெஸ்ட்டபிள்யூ மென்பொருளால் முழுக்க எழுதிப் படித்துப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஆகட்டும். கருவியிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கும் நீளமான டிரைவும் வேண்டாம். துடைக்கும்போது கை பட்டால் டிரைவோடு துளையும் போகும்.

கேள்வி: ஒரு தளத்தில் அறுபதுகளின் சினிமாப் பாட்டுகள் 24/192 ஃப்ளாக்காகக் கிடைக்கின்றன. மாடர்ன் தியேட்டர்ஸ் படப் பாட்டுகளும் உண்டு. அசல் ஹை-ரெஸ் தானா?
(வாசகர், அஸ்தம்பட்டி)

பதில்: ஃப்ளாக் என்பது பாத்திரம் மட்டும். அதற்குள் எம்பி3-யை ஊற்றி மூடினாலும் வெளியே 24/192 என்றுதான் தெரியும். ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் ஃபைலை இழுத்துப் போடுங்கள். நேரம் கிடையாகவும் அதிர்வெண் செங்குத்தாகவும் வண்ணப் படம் வரும். எல்லாப் பாட்டிலும் 16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டியதுபோல் நின்றால் அது 128 கேபிபிஎஸ் எம்பி3. 20-ல் நின்றால் 320 எம்பி3 ஆக இருக்கலாம். 22-ஐ ஒட்டி நின்று அதற்கு மேல் வெறும் கறுப்பு என்றால் சிடியை ஊதிப் பெரிதாக்கியிருக்கிறார்கள். அசல் பதிவில் மேலே போகப் போக மங்கும், நேர்கோடு இருக்காது.

பழைய பாட்டுகளில் இன்னொரு சிக்கல். ஏற்காடு சாலையில் வளைவு மட்டும் மிச்சமிருக்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோ 1930-களில் டி.ஆர்.சுந்தரம் தொடங்கியது. நீங்கள் சொல்லும் அறுபதுகள் வரையிலான படப் பாட்டுகள் பெரும்பாலும் மோனோ. படச்சுருளின் ஒலித்தடத்திலிருந்தோ 78 சுற்று இசைத்தட்டிலிருந்தோ எடுத்தால் 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இசை மிகக் குறைவு, மேலே இருப்பது சீறல். அதை 192-ல் வைப்பதால் சீறல்தான் துல்லியமாகும். மூல டேப்பிலிருந்து கவனமாக மாற்றிய சிடி கிடைத்தால் அதை வாங்குங்கள்.

கேள்வி: பக்கத்து வீடு விசைத்தறி. பகல் முழுக்க ஓடும். 24 பிட்டுக்குச் செலவு செய்வது வீணா?
(வாசகர், கொண்டலாம்பட்டி)

பதில்: பகலில் வீண். 16 பிட் சிடியில் 96 டெசிபெல் ஏற்ற இறக்கம் அடங்கும், 24 பிட்டில் கணக்குப்படி 144. சுவரைத் தாண்டி 50 டெசிபெல் தறிச் சத்தம் வந்து, நீங்கள் 90 வரை சத்தம் வைத்தால் உங்களுக்கு மிஞ்சுவது 40 தான். அந்தப் பணத்தை ஜன்னல் இடுக்குகளை ரப்பர் பட்டையால் அடைக்கச் செலவிடுங்கள். தறி மோட்டார் போடும்போதெல்லாம் ஸ்பீக்கரில் 'டக்' என்று கேட்டால் ஆம்புக்குத் தனி பிளக் லைன் இழுத்து, எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் தோட்ட வீடு. நெட் சரியாக வராததால் பென்டிரைவ்தான். இன்வெர்ட்டரில் ஓடும்போது 'உம்ம்' என்று இரைகிறது. பென்டிரைவ் மாற்றினால் போகுமா? மழைக்காலத்தில் டிரைவ் சில சமயம் தெரிவதும் இல்லை.
(வாசகர், ஏற்காடு)

பதில்: உம்மென்ற இரைச்சலுக்கும் டிரைவுக்கும் சம்பந்தமில்லை. சொல்லப்போனால் லேப்டாப்பை ஒயரில் இணைத்தால் அதன் சார்ஜர் வழியாக வரும் எர்த் இரைச்சல் பென்டிரைவில் கிடையாது. உங்களுடையது பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருக்கும், அதில் டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஆம்ப் இரையத்தான் செய்யும், சூடும் ஏறும். சைன் வேவ் இன்வெர்ட்டருக்கு மாறுங்கள்.

1,500 மீட்டர் உயரத்தில் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வரும் ஊர் அது. டிரைவின் பொன்னிறத் தகடுகளில் மங்கல் படிந்தால் தொடர்பு விட்டுவிட்டு வரும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் தகட்டைத் துடைத்து, ஐந்து நிமிடம் காயவிட்டுச் செருகுங்கள். துளைக்குள் எதையும் விட்டுச் சுரண்ட வேண்டாம். டிரைவைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். இடிக்கு ரிமோட்டில் அணைத்தால் போதாது, இடி தொடங்கும் முன்பே பிளக்கையும் டிஷ் ஒயரையும் பிடுங்குங்கள்.

கேள்வி: மலைப்பாதையில் கார் ஸ்டீரியோவுக்கு எந்தத் தரம் ஏற்றலாம்?
(வாசகர், கன்னங்குறிச்சி)

பதில்: 16/44.1 ஃப்ளாக், ஃபேட்32 டிரைவ். ஸ்டீரியோ ஃப்ளாக்கை ஏற்காவிட்டால் 320 எம்பி3. இருபது கொண்டை ஊசி வளைவிலும் இரண்டாம் கியர் சத்தத்துக்கு மேல் அதற்கு அப்பால் எதுவும் கேட்காது.