கமரா கேட்கும் மகள்: களுவாஞ்சிகுடித் தாயாருக்கு ஒரு பதில்

அன்புள்ள அம்மா,

சென்ற கிழமை மகளுடன் என் அலுவலகத்துக்கு வந்திருந்தபோது, "இந்தத் திரைப்படங்களைப் பார்த்துத்தான் ஒளிப்படம் எடுப்பதைத் தொழிலாக்கும் எண்ணம் பிள்ளைக்கு வந்தது" என்று நீங்கள் மனம் வருந்திச் சொன்னதற்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. அவள் பெயர் சொன்ன திரைப்படங்களை மறுபடி நினைத்துப் பார்க்க எனக்கும் சில நாள் தேவைப்பட்டது. படங்களைத் தடுக்க வேண்டாம்; அவளோடு சேர்ந்திருந்து பாருங்கள். பார்க்கும்போது ஒரேயொரு கேள்வியைக் கேளுங்கள்: இந்தக் கதையில் ஒளிப்படம் எடுப்பவருக்குக் காசு கொடுப்பவர் யார்?

2011 இல் வந்த 'மயக்கம் என்ன' படத்தில் தனுஷ் நடிக்கும் கார்த்திக், காட்டுயிர்களைப் படமெடுக்கத் துடிப்பவன். அவன் நொறுங்கிக் கிடக்கும் காலமெல்லாம் வீட்டைத் தாங்குபவள் மனைவி யாமினிதான். இறுதியில் வரும் பரிசு கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இந்தக் கணக்கு பிள்ளைகளின் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதே ஆண்டு வந்த 'கோ' படத்தின் நாயகனுக்குப் பத்திரிகை அலுவலகம் சம்பளம் தருகிறது. அதை இயக்கிய கே. வி. ஆனந்த் தாமே பத்திரிகைகளுக்குப் படமெடுத்து வந்தவர் என்பதால், அந்த அலுவலகக் காட்சிகளில் ஓர் உண்மை இருக்கிறது. ஆனால் படத்துக்கென்றே தனியாக ஆள் அமர்த்திச் சம்பளம் கொடுக்கும் பத்திரிகையை மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ எதிர்பார்க்க முடியாது. இங்கே பிரதேச நிருபரே செய்தியோடு படத்தையும் அனுப்பிவிடுகிறார்.

மகள் மிகவும் விரும்பிச் சொன்னது கேட் வின்ஸ்லெட் நடித்த 'லீ' (2023). லீ மில்லர் இரண்டாம் உலகப் போரின் கடைசி ஆண்டுகளில் 'வோக்' என்ற பெண்கள் சஞ்சிகைக்காக ஐரோப்பியப் போர்க்களங்களுக்குச் சென்றவர். 1945 இல் டாக்காவ், புக்கன்வால்ட் வதைமுகாம்களைப் படமெடுத்தவர். பிரித்தானிய இராணுவம் பெண்ணை முன்னரங்குக்கு விடாதபோது அமெரிக்கப் பிரஜை என்ற தகுதியால் அமெரிக்க இராணுவத்தின் அனுமதியைப் பெற்றார். "பெண்பிள்ளைக்கு இது சரிவருமா" என்ற உங்கள் கேள்விக்கு மகள் வைத்திருக்கும் பதில் இந்தப் படம்தான் என்று நினைக்கிறேன்.

எனினும் நீங்கள் இருவரும் சேர்ந்து பார்க்க நான் பரிந்துரைப்பது சுவீடன் இயக்குநர் யான் ட்ரோயல் 2008 இல் எடுத்த 'எவர்லாஸ்டிங் மொமென்ட்ஸ்'. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம். பல பிள்ளைகளின் தாயான மரியா, குடிகாரக் கணவனோடு வறுமையில் வாழ்கிறாள். சீட்டிழுப்பில் கிடைத்த கமராவை விற்கலாம் என்று ஸ்ரூடியோக்காரரிடம் கொண்டு போகிறாள். அவரோ அதை அவளே பயன்படுத்தும்படி திருப்பிக் கொடுத்துத் தொழிலையும் கற்றுக்கொடுக்கிறார். பிறகு அயலாரைப் படமெடுக்கிறாள். இறந்துபோன ஒரு சிறுமியை, அவளுடைய தாய் கேட்டதற்காக, படமெடுக்கும் காட்சி ஒன்று உண்டு. அந்த வீட்டுக்குள் எப்படி நுழைவது, எங்கே நிற்பது, எப்போது கமராவைத் தூக்குவது என்பதெல்லாம் தொழில்தான் என்பதை அங்கே பார்க்கலாம். மலையாளத்தில் 'மகேஷின்றெ பிரதிகாரம்' (2016) என்றும், தமிழில் 'நிமிர்' (2018) என்றும் வந்த கதையின் நாயகனும் ஊர் ஸ்ரூடியோக்காரன்தான். அவனுக்குக் காசு கொடுப்பவர்கள் ஊர்ச் சனங்கள். நம் பகுதிக்கு மிக நெருங்கிய கணக்கு அதுதான்.

அந்தக் கணக்கை இங்கே போட்டுப் பார்ப்போம். கலியாண வீடும் சாமத்திய வீடும்தான் பிரதான வருமானம். ஆடியிலும் மார்கழியிலும் இந்துக் கலியாணங்கள் நின்றுவிடும். தையிலும் ஆவணியிலும் ஒரே நாளில் இரண்டு மூன்று அழைப்பு வரும். காத்தான்குடி, சம்மாந்துறை, அக்கரைப்பற்று ஆகிய ஊர்களில் பெண்கள் பகுதிக்குள் ஆண் படப்பிடிப்பாளர் நுழைய முடியாத முஸ்லிம் கலியாண வீடுகள் பல. அங்கே பெண் என்பதே உங்கள் மகளுக்குத் தகைமை. ஆடி மாத வெறுமை அறுகம்பையின் அலைச்சறுக்குப் பருவத்துக்குள் விழுகிறது. பொத்துவில்லில் தங்குமிடம் நடத்துவோருக்கும் படங்கள் தேவை. இதில் திரைப்படங்கள் காட்டாத பகுதி, கலியாணம் முடிந்த பிறகு வருகிறது: ஆயிரக்கணக்கான படங்களிலிருந்து தெரிந்தெடுத்து, திருத்தி, அல்பம் அச்சிட்டு, சொன்ன திகதியில் கொடுப்பது. என் தங்கையின் கலியாண அல்பம் அவளுடைய மூத்த பிள்ளை பிறந்த பிறகுதான் வீட்டுக்கு வந்தது. எடுத்தவர் திறமைசாலி, ஆனால் அவரை எங்கள் குடும்பத்தில் எவரும் பிறகு அழைக்கவில்லை.

உயர்தரத்தை அவள் முடித்தேயாக வேண்டும். இதில் நான் உங்கள் பக்கம். கலைப்பிரிவில் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் ஒரு பாடமாக இருப்பது அவளுக்கு வாய்ப்பு. கல்லடியில் உள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் காண்பிய, தொழில்நுட்பக் கலைகள் துறை இருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல் கற்கைகள் உண்டு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைந்நூலை, பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி வருமுன்னரே இருவரும் வாசித்துவிடுங்கள். அழகியற் கற்கைநெறிகளுக்குப் புள்ளி மட்டும் போதாமல் செயன்முறைப் பரீட்சையும் கேட்கப்படலாம்.

நகையை அடகு வைத்துக் கமரா வாங்க வேண்டாம். பரீட்சை முடிந்ததும் நம்பிக்கையான ஒரு ஸ்ரூடியோவில் உதவியாளராக ஆறு மாதம் நிற்கட்டும். அதன் பிறகு பாவித்த கமரா ஒன்றும் 50 மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்றும் போதும். 'மயக்கம் என்ன' கதையில் கார்த்திக்கின் படத்தை வேறொருவர் தமது பெயரில் வெளியிடுகிறார் அல்லவா? 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இங்கே ஒளிப்படத்தையும் பாதுகாக்கிறது. ஆயினும் சம்பளத்துக்கு எடுத்த படத்தின் பொருளாதார உரிமை, ஒப்பந்தத்தில் வேறாக எழுதியிராவிட்டால், வேலை கொடுத்தவருக்கே சேரும். ஆகவே ஸ்ரூடியோவில் சேரும் நாளில் அதைப் பேசிக் கொள்ள வேண்டும். தனக்காக எடுக்கும் படங்களின் மூலக் கோப்பை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

நீங்கள் வெளியே பஸ் நேரம் விசாரிக்கப் போயிருந்தபோது மகள் தன் கைபேசிப் படங்களைக் காட்டினாள். குருமண்வெளியிலிருந்து வாவியைக் கடந்து மண்டூருக்குப் போகும் 'பாதை' என்ற மிதவைப் படகில் சைக்கிளோடு நிற்கும் ஒரு பெரியவரை மூன்று காலைகள் எடுத்திருக்கிறாள். முதல் நாள் வெயில் அவர் முதுகுப் பக்கம் இருந்ததால் முகம் கறுத்துவிட்டது. இரண்டாம் நாள் மறு ஓரத்தில் போய் நின்றிருக்கிறாள். அவர் விறைத்துப்போய் கமராவைப் பார்க்கிறார். மூன்றாம் நாளுக்குள் பேசிப் பழகிவிட்டாள் போலும். அவர் இவளைக் கவனிக்காமல் பையின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருக்கிறார். அந்த மூன்று படங்களையும் அச்சிட்டு, இந்த ஞாயிற்றுக்கிழமை அவளிடமே விளக்கம் கேளுங்கள். அடுத்த முறை வரும்போது அவற்றையும் கொண்டு வாருங்கள். அவளுடைய அப்பாவும் வந்தால் நல்லது.