பழைய பேக்கப்பை அழிக்கலாமா? குன்னூரிலிருந்து கேள்வி பதில்

கேள்வி (கோத்தகிரி, தேயிலை பேக்டரி கணக்குப் பிரிவு): அக்கா, சர்வர் டிஸ்க் 97 சதவீதம் நிரம்பிருச்சு. போன வருஷத்து மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் டம்ப் (ஃபைலா எடுத்து வச்ச பேக்கப் நகல்) எல்லாத்தையும் அழிச்சிடவா?

பதில்: கொஞ்சம் பொறுங்க தம்பி. கடைசியா எடுத்த டம்ப்பை வேற கம்ப்யூட்டர்ல ரீஸ்டோர் பண்ணி, அதாவது திரும்ப ஏத்தி, நேத்து வரைக்கும் வந்த பச்சை இலைக் கணக்கு அதுல இருக்கான்னு மொதல்ல பாருங்க. மழைக்காலத்துல மரம் விழுந்து கரண்ட் போறது நம்ம மலையில சகஜம். பாதியில நின்ன டம்ப்பும் ஃபோல்டர்ல நல்ல ஃபைல் மாதிரியே இருக்கும். முழுசா முடிஞ்சதுல வழக்கமா கடைசி வரியில ‘டம்ப் கம்ப்ளீட்டட்’னு வரும். ஒரு ஐப்பசியில நான் இதைப் பார்க்காம ஒரு பேக்டரியோட பழசை அழிச்சேன். மிஞ்சின நாலு டம்ப்புமே அரைகுறை. ஒரு வாரக் கணக்கை இலை ரசீதுகளை வச்சு ராத்திரியெல்லாம் திரும்ப ஏத்தினோம். அந்த ராத்திரி உங்களுக்கு வரக்கூடாது.

ரீஸ்டோர் சரியா வந்தப்புறம், ஃபைலைத் தேடுற ‘ஃபைண்ட்’ கமாண்டில் ‘டெலீட்’ போடாம ‘பிரிண்ட்’ போட்டு, எதெது போகப் போகுதுன்னு பட்டியலைப் படிங்க. அப்புறம் அழிங்க.

கேள்வி (ஊட்டி, லாட்ஜ்): மைஎஸ்கியூஎல்ல பின்லாக் (டேட்டா மாற்றங்களைப் பதியுற பைனரி லாக்) மட்டுமே 40 ஜிபி. ஆர்எம் கமாண்ட் போட்டு அழிக்கலாமா மேடம்?

பதில்: வேண்டாம் சார். அப்படி அழிச்சா, லாக் பட்டியல் இருக்கிற இண்டெக்ஸ் ஃபைல்ல பேர் இருக்கும், டிஸ்க்ல ஆள் இருக்காது. ‘பர்ஜ் பைனரி லாக்ஸ்’ கட்டளையைக் கொடுங்க. ரெப்ளிகா (இந்த லாக்கைப் படிச்சு அதே டேட்டாவை வச்சிருக்கிற இன்னொரு சர்வர்) இருந்தா அது எதுவரை படிச்சிருக்குன்னு பார்த்துக்குங்க. கடைசி முழு பேக்கப்புக்கு அப்புறம் வந்த லாக் எதையும் தொடாதீங்க. மைஎஸ்கியூஎல் 8.0ல இயல்பா 30 நாள் வச்சிருக்கும், அந்த அளவைக் குறைச்சுக்கலாம்.

கேள்வி (கூடலூர்): போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ்ல ‘பிஜி வால்’ ஃபோல்டர் (மாற்றங்களைப் பதியுற லாக் இருக்கிற இடம்) வீங்கிருச்சு, காலி பண்ணவா?

பதில்: கையே வைக்காதீங்க. அழிச்சா டேட்டாபேஸ் எழாமலே போகலாம். கைவிட்ட ரெப்ளிகேஷன் ஸ்லாட் (ரெப்ளிகாவுக்காக லாக்கைப் பிடிச்சு வைக்கிறது) இருக்கா, லாக்கை வேற இடத்துக்கு நகலெடுக்கிற ஆர்க்கைவ் கமாண்ட் தோத்துக்கிட்டே இருக்கான்னு தேடுங்க. காரணத்தைச் சரி பண்ணினா அடுத்த செக்பாயிண்ட்டுக்கு (மாற்றங்களை டேட்டா ஃபைல்ல எழுதி முடிக்கிற கட்டம்) அப்புறம் தானே குறையும்.

கேள்வி (குன்னூர், பள்ளி): எஸ்கியூஎல் சர்வர் முழு பேக்கப் பெருசா இருக்கு. டிஃபரன்ஷியல் (முழு பேக்கப்புக்கு அப்புறம் மாறினதை மட்டும் எடுக்கிற பேக்கப்) மட்டும் போதுமா அக்கா?

பதில்: போதாதும்மா. அதோட முழு பேக்கப் இல்லாம டிஃபரன்ஷியல் ரீஸ்டோரே ஆகாது.

கேள்வி (கோத்தகிரி, அதே தம்பி): பார்த்துட்டு அழிச்சுட்டேன் அக்கா. லினக்ஸ்ல இடம் இன்னும் கூடலையே?

பதில்: ஏதோ ஒரு புரோகிராம் அந்த ஃபைலைத் திறந்தே வச்சிருக்கும். திறந்திருக்கிற ஃபைலைக் காட்டுற ‘எல்எஸ்ஓஎஃப்’ கமாண்ட் போட்டு அந்த புரோகிராமைக் கண்டுபிடிச்சு, அதை மட்டும் நிறுத்தித் தொடங்குங்க. இடம் வந்துரும்.