பேரணி போனால் கேலி நிற்குமா?

கேள்வி: வில்லிவாக்கத்தில் வசிக்கிறோம். மகள் படிக்கும் அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நானும் உறுப்பினர். ஏழாம் வகுப்பில் திக்கிப் பேசும் ஒரு பையனைச் சில பிள்ளைகள் தினமும் அவனைப் போலவே பேசிக்காட்டி அழவைக்கிறார்கள். இப்போது அவன் பள்ளிக்கே சரியாக வருவதில்லை. விழிப்புணர்வுப் பேரணி நடத்தலாம் என்கிறார்கள் குழுவில். பலன் இருக்குமா?

பதில்: பேரணி நடத்துங்கள், தப்பில்லை. ஆனால் ‘கேலி செய்யாதே’ என்ற அட்டையைக் கேலி செய்கிற பையனே முன்வரிசையில் பிடித்துக்கொண்டு போவான். தான் செய்வது ‘சும்மா ஓட்டுறது’தான் என்று அவன் நினைக்கிறான்.

நீங்கள் குறிவைக்க வேண்டியது அவனைச் சுற்றி நின்று சிரிக்கிறவர்களை. கனடாவில் பள்ளி மைதானங்களில் பிள்ளைகளைக் கேமரா வைத்துக் கவனித்த ஓர் ஆய்வு 2001-ல் வெளியானது. பத்துச் சம்பவங்களில் கிட்டத்தட்ட ஒன்பதில் மற்ற பிள்ளைகள் பக்கத்திலேயே இருந்தார்கள். யாராவது தலையிட்டது ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. ஆனால் தலையிட்டபோது, பாதிக்கு மேற்பட்ட தடவை 10 விநாடிக்குள் துன்புறுத்தல் நின்றுவிட்டது. பார்வையாளர் இல்லையென்றால் அந்த ‘ஷோ’ ஓடாது.

தலையிடுவது என்றால் சண்டைக்குப் போவதல்ல. சிரிக்காமல் இருப்பது, “டேய் வா, மிஸ் கூப்பிடுறாங்க” என்று அந்தப் பையனை அங்கிருந்து கூட்டிக்கொண்டு போவது, மதியச் சாப்பாட்டில் அவன் பக்கத்தில் உட்காருவது. இதை வகுப்பில் நடித்தே பழக்குங்கள். அந்தப் பயிற்சியில் திக்கிப் பேசுகிறவனை உதாரணமாக்க வேண்டாம். வேறொரு கதையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரையும் நிற்கவைத்து “கை குடுத்து சமாதானமாப் போங்க” என்பதும் வேண்டாம். சமபலம் உள்ளவர்களின் சண்டைக்குத்தான் அது சரிப்படும்.

அப்புறம், எங்கே நடக்கிறது என்று பாருங்கள். பெயர் எழுதாத துண்டுச்சீட்டு ஒன்றை எல்லாப் பிள்ளைகளிடமும் கொடுத்து, பயமாக இருக்கும் இடத்தையும் நேரத்தையும் மட்டும் எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலும் கழிப்பறை, தண்ணீர்க் குழாய், மாடிப்படி, பஸ் ஸ்டாப் என்றுதான் வரும். இன்டர்வெல்லில் அந்த இடங்களில் ஓர் ஆசிரியர் நின்றாலே பாதி குறையும் என்பது என் அனுபவம்.

ஆசிரியர்களிடமும் பேச வேண்டும், கொஞ்சம் சங்கடமாக இருந்தாலும். வாத்தியாரே “டேய் குண்டா” என்று கூப்பிடும் வகுப்பில் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிப் புரியவைக்க முடியும்? 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆவது பிரிவில், உடல் தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. வீட்டில் நாம் நிறத்தையும் சாதியையும் சொல்லி அடிக்கும் ‘ஜோக்’குகளும்தான் வகுப்புக்குப் போகின்றன.

மிக முக்கியமானது புகார். போட்டுக்கொடுத்தவன் என்ற பெயருக்குப் பயந்தே பல பிள்ளைகள் வாய் திறப்பதில்லை. அந்தப் பயம் வீணானதும் அல்ல. 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில், சக மாணவர்களின் தொல்லையைப் பள்ளியில் சொன்ன பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் வீடு புகுந்து வெட்டப்பட்டார். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. அதனால் புகார் சொன்னது யார் என்பது வெளியே போகவே கூடாது. உங்கள் பள்ளியில் ‘மாணவர் மனசு’ என்ற புகார்ப் பெட்டி இருந்தால், அதை யார் திறக்கிறார், எத்தனை நாளுக்கு ஒருமுறை திறக்கிறார் என்று அடுத்த குழுக் கூட்டத்தில் கேளுங்கள். பூட்டுத் துருப்பிடித்த பெட்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பையனின் வீட்டுக்கு யாராவது ஒருவர் நேரில் போய்வர வேண்டும். இதைப் பேரணிக்கு முன்பே செய்யுங்கள். பள்ளி அசையவில்லை என்றால் கல்வித் துறையின் 14417 எண் இருக்கிறது. அடி, மிரட்டல் வரை போனால் குழந்தைகள் உதவி எண் 1098. இரவானாலும் கூப்பிடலாம், கட்டணமில்லை.

இரண்டு மாதம் கழித்து அதே துண்டுச்சீட்டை மறுபடியும் கொடுங்கள். அதே மாடிப்படி திரும்ப வந்தால், அங்கே நிற்க வேண்டியவர் நிற்கவில்லை என்று அர்த்தம்.